வாதக் கட்டுரைக்குச் சட்டகம் போடுவது எப்படி?

வாதக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்களில் பலர் கொப்பியின் ஓரத்தில் முதலில் எழுதுவது நான்கு சொற்கள்: முன்னுரை, நன்மைகள், தீமைகள், முடிவுரை. இதுதான் சட்டகம் என்று நம்பி எழுதத் தொடங்குகிறார்கள். இரண்டு பக்கம் நிறைந்த பிறகு பார்த்தால் நன்மையும் இருக்கிறது, தீமையும் இருக்கிறது. எழுதியவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது மட்டும் தெரிவதில்லை. எதையும் அளவோடு பயன்படுத்தினால் நன்மையே என்று ஒரு வரியில் கட்டுரை முடிந்துவிடுகிறது.

நல்ல சொல்வளமும் கையெழுத்தும் உள்ள பிள்ளைகளுக்கும் இதுவே நடக்கிறது. அந்த நான்கு சொற்களை எந்தத் தலைப்புக்கும் போடலாம்; கைத்தொலைபேசிக்கும் போடலாம், காடழிப்புக்கும் போடலாம். எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற சட்டகத்தில் உங்கள் சிந்தனை இன்னும் இறங்கவில்லை என்றுதான் பொருள். நல்ல சட்டகத்தைக் கட்டுரையைப் பார்க்காமலே படித்தாலும், எழுதுபவர் எதை நிறுவ வருகிறார், எதை வைத்து நிறுவுகிறார், யாருக்குப் பதில் சொல்கிறார் என்ற மூன்றும் விளங்க வேண்டும்.

அப்படி ஒரு சட்டகத்தை, சவளக்கடைப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விடயத்தை வைத்துப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம்.

முதல் படி: தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனைப் பக்கமாக மேற்கே போகும் வீதி, கிட்டங்கியில் நீரைக் கடந்து சவளக்கடைக்கும் நாவிதன்வெளிப் பிரதேசத்தின் மற்ற ஊர்களுக்கும் போகிறது. கடக்கும் இடத்தில் இருப்பது தாம்போதி. வெள்ளம் கூடினால் நீர் வீதிக்கு மேலால் பாய்ந்து போகட்டும் என்று தளத்தைத் தாழ்வாக விட்டுக் கட்டுவதுதான் தாம்போதி. வடகீழ்ப் பருவமழை கடுமையாகும் காலங்களில் அதன் மேல் வெள்ளம் மேவிப் பாய்ந்து போக்குவரத்து துண்டிக்கப்பட்டிருக்கிறது. அங்கே உயரமான பாலம் வேண்டும் என்ற கோரிக்கையும் இந்தப் பகுதியில் பழையது.

“கிட்டங்கித் தாம்போதி” என்பது வெறும் தலைப்பு. “கிட்டங்கியில் மக்கள் படும் துன்பம்” என்று எழுதினால் அது விவரணக் கட்டுரையாகிவிடும். வெள்ளம் துன்பம் தரும் என்பதை மறுக்க யாரும் வரப்போவதில்லை. மறுப்பதற்கு ஆளில்லாத இடத்தில் வாதத்துக்கும் வேலையில்லை. “கிட்டங்கியில் பாலம் கட்டுவதற்கு இந்தப் பகுதியின் மற்ற வீதி வேலைகளைவிட முன்னுரிமை கொடுக்க வேண்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள். இப்போது நியாயமாகச் சிந்திக்கும் இருவர் எதிரெதிராக நிற்க முடியும். ஒருவர் ஆம் என்பார். இன்னொருவர், அந்தப் பணத்தில் பத்து உள்வீதிகளைச் செப்பனிடலாமே என்பார். வாதக் கட்டுரைக்கு வேண்டியது இந்த வகைக் கேள்விதான்.

உங்கள் கேள்வியையும் இப்படியே சோதியுங்கள். எதிர்த்துப் பேசக்கூடிய ஒரு நல்ல மனிதரை உங்களால் மனதில் நிறுத்த முடிகிறதா? முடியாவிட்டால் கேள்வியை மாற்றுங்கள்.

இரண்டாம் படி: நிலைப்பாட்டை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

கேள்விக்கு நீங்கள் சொல்லும் பதில்தான் நிலைப்பாடு. அதை முழு வாக்கியமாக எழுதுங்கள். “பாலத்தின் அவசியம்” என்று தலைப்புப் போல எழுதினால் உங்கள் முடிவு என்னவென்று உங்களுக்கே தெளிவாகாது. “கிட்டங்கித் தாம்போதியை உயர்த்துவதற்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும், ஏனென்றால் வெள்ள நாட்களில் நோயாளியும் மாணவரும் நாட்கூலிக்காரரும் கல்முனைக்குப் போக முடியாமல் போகிறது” என்று எழுதினால் எதைச் சொல்கிறீர்கள் என்பதும் ஏன் சொல்கிறீர்கள் என்பதும் ஒரே இடத்தில் வந்துவிடுகின்றன.

“ஏனென்றால்” என்ற சொல்லை இந்த வாக்கியத்தில் விடாமல் வையுங்கள். அதற்குப் பின்னால் வருபவைதான் உங்கள் கட்டுரையின் பத்திகள். இந்த வாக்கியத்தை இறுதியானது என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல எதிர்வாதம் ஒன்று வந்தால் இது மாற வேண்டியிருக்கும். மாறுவதையும் கீழே பார்க்கப் போகிறோம்.

மூன்றாம் படி: ஒவ்வொரு காரணத்துக்கும் ஐந்து வரி

வாதத்தை எப்படி அடுக்குவது என்று தமிழில் முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியை, அதாவது தருக்க முறையைக் கற்பிக்கிறார். அங்கே வாதத்துக்கு ஐந்து உறுப்புகள் வருகின்றன: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம்.

அவர் எடுக்கும் உதாரணம் மலையும் நெருப்பும். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வந்த கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதை எல்லாரும் கண்ட இடம் அது. இந்த மலையிலும் அதேபோலப் புகை இருக்கிறது என்று எடுத்துக்காட்டைத் தன் விடயத்தோடு பொருத்துவது உபநயம். ஆகவே புகையுள்ள இந்த மலை நெருப்புள்ளதே என்று கூற்றை நிலைநாட்டி முடிப்பது நிகமனம்.

மாணவர்களின் சட்டகங்களில் பெரும்பாலும் காணாமல் போவது நான்காவது உறுப்பான உபநயம். கூற்றை எழுதுவார்கள், காரணம் சொல்வார்கள், ஒரு செய்தியையோ புள்ளிவிவரத்தையோ தூக்கி வைப்பார்கள். அந்தச் சான்று தங்கள் கூற்றோடு எப்படிச் சேர்கிறது என்பதை மட்டும் வாசகரிடமே விட்டுவிடுவார்கள். வாசகர் அதைச் சேர்த்துக்கொள்ள மாட்டார். சேர்த்துக் காட்டுவது எழுதுபவரின் கடமை.

ஆகவே ஒவ்வொரு காரணத்துக்குக் கீழும் இந்த ஐந்தையும் சிறு வரிகளாக எழுதுங்கள்: கூற்று, காரணம், சான்று, பொருத்தம், முடிவு. ஐந்தில் ஒன்று வெறுமையாக இருந்தால் அந்தப் பத்தி எங்கே தடுமாறும் என்பது எழுதுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நான்காம் படி: காரணங்களைத் தெரிந்தெடுங்கள்

மனதில் வரும் காரணங்களையெல்லாம் முதலில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்.

“நெல்லை ஏற்றிப் போக முடியாது” என்பது நம் பகுதியில் எல்லாருக்கும் உடனே தோன்றும் காரணம். அதை ஒருமுறை நாட்காட்டியோடு வைத்துப் பாருங்கள். பெரும் வெள்ளம் வருவது பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை. பெரும்போக அறுவடை பெரும்பாலும் மழை தணிந்த பிறகு. அப்படியானால் அறுவடை நெல் வெள்ளத்தால் தடைப்படுகிறது என்ற காரணம் நினைத்த அளவுக்கு உறுதியானதில்லை. வயலுக்கு உரம் கொண்டுபோவதும் வரம்பு உடைந்தால் ஓடிப்போய்ப் பார்ப்பதும் தடைப்படுகின்றன என்று சொன்னால் அது நிற்கும்.

அடுத்து, ஒன்றையே இரண்டாகச் சொல்கிறீர்களா என்று பாருங்கள். “மாணவர் பாடசாலைக்குப் போக முடியாது”, “கல்வி பாதிக்கப்படுகிறது” என்ற இரண்டும் ஒரே காரணம். இரண்டையும் ஒரு பத்தியில் அடக்குங்கள்.

கடைசியாக எண்ணிக்கை. இரண்டு பக்கக் கட்டுரைக்கு மூன்று காரணம் போதும். ஆறு காரணத்தைத் தொட்டுவிட்டுப் போவதைவிட மூன்றை நிறுவுவது நல்லது. நம் விடயத்தில் மூன்று நிற்கின்றன. ஒன்று, மாணவரும் ஆசிரியரும் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருவது. இரண்டு, சந்தைக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்களின் நாள் வருமானம். மூன்று, நோயாளிகள் கல்முனையில் உள்ள பெரிய வைத்தியசாலைகளைச் சென்றடைவது. உயிரோடு தொடர்புடைய மூன்றாவதுதான் மிக வலியது. வலியதைக் கடைசியில் வையுங்கள். அடுத்து வரப்போகும் எதிர்வாதத்தைச் சந்திக்கும்போது அதுவே வாசகர் மனதில் நிற்க வேண்டும்.

ஐந்தாம் படி: சான்று எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள்

நம் பகுதி மாணவர் எவரும் இந்தக் கட்டுரையில் 2024 நவம்பரை எழுதாமல் விடமாட்டார். அந்த மாதம் 26ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். அந்தத் துயரம் இன்னும் ஆறவில்லை. அதை எழுதும் கைக்குப் பொறுப்பு கூட வேண்டும்.

அது கிட்டங்கியில் நடந்ததன்று, வேறு வீதியில் நடந்தது. “மாவடிப்பள்ளியில் பிள்ளைகள் இறந்தார்கள், ஆகவே கிட்டங்கிக்குப் பாலம் வேண்டும்” என்று நேரே தாவினால், கவனமாக வாசிப்பவர் அந்த இடத்தில் நின்றுவிடுவார். பொருத்தம் என்ற வரி இங்கேதான் தேவைப்படுகிறது. “இரண்டு இடத்திலும் தாழ்ந்த நிலத்தின் ஊடாக வீதி போகிறது, இரண்டு இடத்திலும் வெள்ளம் வீதிக்கு மேலால் பாயும்போது ஆழத்தையும் இழுவையையும் பார்த்து மதிப்பிட முடியாது, வீட்டுக்குப் போயாக வேண்டியவர் துணிந்து இறங்குவார். ஆகவே அங்கே நேர்ந்த அபாயம் இங்கேயும் உண்டு” என்று எழுதுங்கள். இப்போது சான்று தன் பாரத்தைத் தாங்குகிறது. துயரத்தையும் மரியாதையோடு நடத்தியிருக்கிறீர்கள்.

இன்னொரு சான்றைப் பாருங்கள். 2024ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை நவம்பர் 25ஆம் திகதி தொடங்கியது. சீரற்ற காலநிலையால் 27ஆம் திகதி முதல் இடைநிறுத்தப்பட்டு டிசம்பர் 4ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. இது உறுதியான தகவல். ஆனால் நாடு முழுவதற்குமான முடிவு. ஆகவே மழைக்காலமும் பரீட்சைக் காலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்பதற்கு இது சான்றாகும். கிட்டங்கியால் எத்தனை மாணவர் பாதிக்கப்பட்டார்கள் என்பதற்கு இது சான்றாகாது.

அதற்கு உள்ளூர்ச் சான்று வேண்டும். தேடினால் கிடைக்கும். பாடசாலையின் வரவுப் பதிவேட்டில் மழை மாதத்து வரவையும் மழையில்லாத மாதத்து வரவையும் அதிபரின் அனுமதியோடு ஒப்பிடலாம். வீதி எந்த நாட்களில் மூடப்பட்டது என்று பிரதேச செயலகத்திடமோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடமோ கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பெற்றோரோ ஆசிரியரோ எழுத்தில் விண்ணப்பித்தால், தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானத்தை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். வீதியின் இப்போதைய நிலையையும், பாலத்துக்கான திட்டம் ஏதும் நடைமுறையில் இருக்கிறதா என்பதையும் இதே வழியில் கேட்டு உறுதிசெய்துகொண்டு எழுதுங்கள்.

பரீட்சை மண்டபத்தில் இதற்கெல்லாம் நேரமிருக்காது. அங்கே நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். தெரியாத எண்ணைக் கற்பனையாகப் போடுவதைவிட, எண் இல்லாத உண்மை எவ்வளவோ மேல்.

ஆறாம் படி: எதிர்வாதத்துக்கு இடம் ஒதுக்குங்கள்

சட்டகத்தின் உயிர் இந்தப் படிதான். எதிர்த்தரப்புச் சொல்லக்கூடியவற்றில் மிக வலியதைத் தேடி எழுத வேண்டும். எளிதில் அடித்துவிடக்கூடிய ஒன்றை வைத்து அதை வெல்வதில் பெருமையில்லை.

“செலவு அதிகம்” என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். “சுற்றுப்பாதை இருக்கிறதே” என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் பதில் உண்டு. இவற்றைவிட வலிய எதிர்வாதம் நீரிலிருந்து வருகிறது. தாம்போதியைத் தாழ்வாக விட்டதே வெள்ளம் தடையின்றி வடிந்து போகத்தான். அதை மண்ணிட்டு உயர்த்தினால் வீதி அணைக்கட்டுப் போலாகிவிடும். வடிய வழியில்லாமல் தேங்கும் நீர் வயலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் ஏறும். ஒரு வீதியைக் காப்பாற்றப் போய்ப் பல வயல்களை மூழ்கடிப்பதா என்று ஒரு விவசாயி கேட்டால், அந்தக் கேள்வியில் முழு நியாயம் இருக்கிறது.

இதை மூடி மறைத்து எழுதினால் கட்டுரை தோற்றுவிடும். இப்போது உங்கள் நிலைப்பாட்டு வாக்கியத்துக்குத் திரும்பிப் போங்கள். “தாம்போதியை உயர்த்த வேண்டும்” என்று எழுதியிருந்தீர்கள். அதை இப்படி மாற்றுங்கள்: “கிட்டங்கியில் நீரோட்டத்தை மறிக்காதபடி, வெள்ளம் வடிவதற்குப் போதிய திறப்புகளை விட்டுத் தூண்களின் மேல் பாலம் அமைப்பதற்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும்.” விவசாயியின் நியாயம் உங்கள் நிலைப்பாட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. முதலில் இருந்ததைவிட உங்கள் வாதம் நேர்மையாகவும் உறுதியாகவும் ஆகிவிட்டது. கட்டுரையை எழுதி முடித்த பிறகு இது தோன்றியிருந்தால் முழுவதையும் கிழித்தெறிய வேண்டியிருக்கும். சட்டகத்தில் ஒரு வரியை அடித்து மாற்றினால் போதும்.

எதிர்வாதத்துக்குப் பதில் சொல்ல மூன்று வழி உண்டு. அது உண்மைக்கு மாறானது என்று காட்டலாம். உண்மைதான், ஆனால் என் காரணங்களின் பாரம் அதைவிடக் கூடியது என்று காட்டலாம். உண்மைதான், அதற்கு இடம்கொடுத்தே என் நிலைப்பாட்டைத் திருத்தியிருக்கிறேன் என்று சொல்லலாம். நாம் செய்தது மூன்றாவது. நன்னூல், நூல் செய்வோருக்குரிய ஏழு மதங்களை, அதாவது கொள்கை நிலைகளைச் சொல்லும் இடத்தில் உடன்படுதல், மறுத்தல் இரண்டையும் சொல்லி, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின் களைவதையும் தனியே எண்ணுகிறது. ஏற்பதும் மறுப்பதும் மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம் என்பதற்கு இது நல்ல பாடம்.

இலங்கை முஸ்லிம்களின் எழுத்து வரலாற்றிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் ஒரு கட்டுரை வாசித்தார். அதற்கு மறுப்பாக ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய நூல் 1907இல் வெளிவந்தது. மறுக்க வேண்டிய கருத்தைத் தன் எழுத்தின் நடுவிலேயே வைத்து அதற்குப் பதில் சொல்வது எப்படி என்பதை இதுபோன்ற எழுத்துகளில் படிக்கலாம். முதலில் இராமநாதனை முழுமையாகப் படித்து, அதன் பிறகு அஸீஸைப் படிக்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்வதாக இருந்தாலும் இரண்டு பக்கத்தையும் படித்த பிறகு சாய்வதே நியாயம்.

முழுச் சட்டகம் இதோ

கேள்வி: கிட்டங்கியில் பாலத்துக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டுமா?

நிலைப்பாடு: நீரோட்டத்தை மறிக்காத தூண்பாலத்துக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும்; ஏனென்றால் வெள்ள நாட்களில் கல்வியும் நாள் வருமானமும் உயிர்காப்பும் ஒரே இடத்தில் தடைப்படுகின்றன.

பத்தி 1: தாம்போதி என்றால் என்ன, எங்கே இருக்கிறது, யார் கடக்கிறார்கள். கடைசி வரியில் நிலைப்பாடு.

பத்தி 2: வெள்ள நாட்களில் மாணவரும் ஆசிரியரும் பாடசாலைக்கு வர முடிவதில்லை. சான்று: வரவுப் பதிவேடு, 2024 உயர்தரப் பரீட்சை இடைநிறுத்தம். பொருத்தம்: பரீட்சைக் காலமும் மழைக்காலமும் ஒன்றாக வருகின்றன, வீதி மூடப்படும் ஊரின் மாணவர் இரட்டைப் பாதிப்புக்கு ஆளாகிறார்.

பத்தி 3: நாட்கூலிக்கும் சந்தைக்கும் போகிறவர் வீதி மூடிய நாளின் வருமானத்தை முழுதாக இழக்கிறார். சான்று: வீதி மூடப்பட்ட நாட்கள், ஊரில் சிலரைக் கேட்டு அறிந்தது. பொருத்தம்: மாதச் சம்பளக்காரருக்கு ஒரு நாள் விடுமுறை, கூலிக்காரருக்கு ஒரு நாள் அடுப்பு.

பத்தி 4: அவசர நோயாளிக்குச் சுற்றுப்பாதையின் நேரம் உயிரோடு விளையாடுவது. சான்று: பெரிய வைத்தியசாலைகள் கல்முனையில் இருப்பது, மாவடிப்பள்ளித் துயரம். பொருத்தம்: தாழ்ந்த நிலம், மேவிப் பாயும் வெள்ளம், போயே ஆக வேண்டிய தேவை என்ற மூன்றும் இரண்டு இடத்துக்கும் பொது.

பத்தி 5: எதிர்வாதம், வீதியை உயர்த்தினால் வெள்ளம் தேங்கி வயல் மூழ்கும். பதில்: உண்மை, ஆகவே மண்கட்டு வேண்டாம், திறப்புகள் கொண்ட தூண்பாலம் வேண்டும். செலவு பற்றியும் ஒரு வரி.

பத்தி 6: நிகமனம். யார், எதை, எந்த வரிசையில் செய்ய வேண்டும்: முதலில் நீரோட்ட ஆய்வு, அடுத்து வடிவமைப்பு, பிறகு நிதி ஒதுக்கீடு.

முடிவுரையில் சொன்னதையே திரும்பச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நிறுவியாகிவிட்டது, இனிச் செய்ய வேண்டியது என்ன என்பதற்கு அது நகர்ந்துவிட்டது.

எழுதத் தொடங்குமுன்

சட்டகத்தை ஒருவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். உம்மாவோ நானாவோ கூட இருக்கிற கூட்டாளியோ, யாராக இருந்தாலும் சரி. “அதனால என்ன?” என்று அவர் கேட்கும் இடத்தில் பொருத்தம் விடுபட்டிருக்கிறது. “யார் சொன்னது?” என்று கேட்கும் இடத்தில் சான்று இல்லை. “அப்ப இது எப்படி?” என்று கேட்டால் எதிர்வாதம் ஒன்றை மறந்திருக்கிறீர்கள். அந்த மூன்று கேள்விக்கும் பதில் எழுதிய பிறகே கட்டுரையைத் தொடங்குங்கள். பரீட்சையிலும் பத்து நிமிடத்தைச் சட்டகத்துக்குக் கொடுங்கள். அந்தப் பத்து நிமிடம் வீண்போகாது. பாதி வழியில் என்ன எழுதுவதென்று யோசித்துப் பேனாவைக் கடிக்கும் நேரத்தை அது மிச்சப்படுத்தும்.

தமிழ்மொழித் தினப் போட்டிக்கோ பரீட்சைக்கோ மட்டும் பயன்படும் பயிற்சியாக இதை நினைக்க வேண்டாம். நம் ஊர்களின் தேவைகள் மனுக்களாகத்தான் அலுவலகங்களுக்குப் போகின்றன. பல மனுக்களில் துன்பம் நிறைய இருக்கும், வாதம் இருக்காது. கோரிக்கை என்ன, காரணம் என்ன, சான்று என்ன, மறுப்புக்குப் பதில் என்ன என்று வரிசையாக எழுதிய மனுவை ஒதுக்கி வைப்பது எந்த அதிகாரிக்கும் கடினம். இன்று வகுப்பில் நல்ல சட்டகம் போடப் பழகும் பிள்ளைதான் நாளை ஊருக்காக அந்த மனுவை எழுதப்போகிறவர். ஆசிரியர்களே, அடுத்த தவணையில் ஒரு பாடவேளையைக் கட்டுரை எழுதச் சொல்லாமல் சட்டகம் மட்டும் போட ஒதுக்குங்கள். தலைப்பை உங்கள் ஊரிலிருந்தே எடுத்துக் கொடுங்கள்.